மெத்தைப் பலகைத் தளத்தில் டைல்ஸ்: இரண்டாம் முறை

முதலில் உடைத்ததிலிருந்து சொல்கிறேன். போன வருஷம், 2025 பிப்ரவரியில், எங்கள் வீட்டு மெத்தையில், அதாவது மாடியில், இருக்கும் பின்னறையின் டைல்ஸைக் கொத்தி எடுத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. டைல்ஸும் அதன் கீழே இருந்த ஒன்றரை அங்குலச் சிமென்ட் கலவையும் சேர்ந்து நாற்பது மூட்டை ஆனது. மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ என்று வைத்தால் ஒரு டன். எட்டு வருஷமாக அந்த ஒரு டன் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் கீழேதான் சித்தி கட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் தாத்தா காலத்து வீடு. கீழே திண்ணை, முற்றம் என்று தமிழ் வீடு. மேலே மட்டும் வளைவு ஜன்னலும் பால்கனியுமாகப் பிரெஞ்சுச் சாயல். இந்தத் தெருக்களில் பாதி வீடுகள் இப்படித்தான். முன்பக்க அறைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய தளம். பின்னறைத் தளம் மட்டும் உத்திரக் கட்டைகளின் மேல் தேக்குப் பலகை அடித்தது. நடந்தால் சத்தம் வரும், இடுக்கு வழியாகக் கீழே தூசி விழும். 2017இல் அப்பா பொறுமையிழந்து ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு டைல்ஸ் போடச் சொன்னார். அவர் பலகை மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, கோழிக்கம்பி வலை போட்டு, வழக்கமான கலவையைக் கொட்டி, இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸை இடைவெளியே விடாமல் பதித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்திலேயே நடு அறையில் ஒரு கீறல். பிறகு தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது பால்கனிக் கதவு வழியாகத் தண்ணீர் புகுந்தது. பொங்கலுக்குள் ஆறு டைல்ஸ் தூக்கிக்கொண்டு நின்றன.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கான்கிரீட் தளத்தில் அவர் போட்டிருந்தால் இருபது வருஷம் நின்றிருக்கும். மரம் வேறு ஜாதி. அது காற்றின் ஈரத்தைக் குடித்துக் குறுக்குவாட்டில் அகலும், வெயில் காலத்தில் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் நகரும். ஆனாலும் ஆறு அங்குலப் பலகையில் ஈரம் நாலு சதவீதம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலும். பத்தடிக்குள் இருபது பலகைகள். டைல்ஸ் அசையாது. இரண்டையும் ஒன்றாக ஒட்டிவைத்தால் எது பிளக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டுப் பலகை நல்ல நிலையில் இருந்தால் டைல்ஸ் போடாதீர்கள். இழைத்து, எண்ணெய் கொடுத்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது சிமென்ட் கறை ஏறி, ஓரம் நைந்து, நாலு பலகைக்குப் பதில் பலா மரம் ஒட்டுப்போட்டது. அதோடு அந்த அறையில் அடுப்பு மேடை வரப்போகிறது, துடைத்தெடுக்கும் தரைதான் வேண்டும் என்று அம்மா உறுதியாக இருந்தார். குளியலறையாக இருந்திருந்தால் மரத்தின் மேல் நான் துணிந்திருக்க மாட்டேன்.

சரி, தளம். எல்லாம் சுத்தமானதும் ஆசாரி முதலில் பலகையைப் பார்க்கவே இல்லை. கீழே போய் ஸ்டூல் மேல் ஏறி, ஒவ்வொரு கட்டையையும் சுவரோடு சேரும் இடத்தில் உளியால் குத்திப் பார்த்தார். ஐந்து கட்டைகள், மூன்றுக்கு ஐந்து அங்குலத் தேக்கு, இரண்டடிக்கு ஒன்றாகப் பத்தடி நீளத்துக்குப் போகின்றன. நாலு கட்டையில் உளி முனை இறங்கவே இல்லை. பால்கனிப் பக்கத்துக் கட்டையில் பாதி உளி உள்ளே போய்விட்டது. இழுத்தபோது புட்டு மாதிரி உதிர்ந்தது.

"தம்பி, மேல நீங்க என்ன வேணா போடுங்க. மொதல்ல இதப் பாருங்க" என்றார்.

தளம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து பார்க்கத்தான் எனக்கு ஆசை. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கீழ்த்தரையிலிருந்து கட்டையின் அடிவரை ஒரு சவுக்குக் கம்பை நிறுத்தி, கட்டைக்கும் கம்புக்கும் நடுவே இரண்டு மெல்லிய ஆப்புகளை எதிரெதிராகச் செருகிப் பென்சிலால் கோடு போட்டேன். மேலே நாலு பேர் நடுவில் கூடி நின்றார்கள். நான், தம்பி, ஆசாரியின் பையன், மாடி வீட்டுக்காரர். மொத்தம் 280 கிலோ இருக்கும். ஆப்பு நழுவிய அளவை வைத்துப் பார்த்தால் நல்ல கட்டைகள் இரண்டு நூலுக்குக் கொஞ்சம் மேலே இறங்கின. அழுகிய கட்டை நாலு நூல். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. கொத்தனார், ஆசாரி எல்லாரும் இன்னும் அதில்தான் பேசுகிறார்கள், மூன்று மில்லிமீட்டர் சொச்சம்.

செராமிக் டைல்ஸுக்குப் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு, கட்டையின் நீளத்தை 360ஆல் வகுத்து வருவதற்கு மேல் தளம் வளையக் கூடாது என்பது. மார்பிள், கிரானைட் என்றால் 720. எங்கள் பத்தடிக்கு 360இன்படி எட்டரை மில்லிமீட்டர் வரும். நாலு பேர் நின்றதற்கு ஏழு மில்லிமீட்டர்தானே என்று திருப்திப்பட முடியாது. வீட்டுத் தளத்துக்கு நம் ஊர் விதிப்படி சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை பிடிக்க வேண்டும். அறை முழுக்க அந்தச் சுமை வந்தால் இரண்டடி இடைவெளிக் கட்டைகள் பத்து மில்லிமீட்டர் வளையும் என்று கணக்கில் வந்தது. போதாது. கட்டைக்குக் கட்டை இரண்டடி என்பதால் நடுவில் கால் வைத்தால் பலகை தனியாகவும் அமுங்குகிறது. இந்த இரண்டாவது அசைவுதான் டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட்டை முதலில் பொடியாக்குவது.

கட்டையின் உயரம் கூடினால் விறைப்பு அந்த உயரத்தின் கனமாக (மூன்று முறை பெருக்கியதாக) ஏறும். ஐந்து அங்குலம் ஆறாக இருந்திருந்தால் முக்கால் பங்கு கூடுதல் விறைப்பு கிடைத்திருக்கும். ஆனால் இருக்கும் கட்டையை வளர்க்க முடியாது. ஆசாரி சொன்னது எளிது: ஒவ்வொரு இரண்டு கட்டைக்கு நடுவிலும், ஓரக் கட்டைக்கும் சுவருக்கும் நடுவிலும் இன்னொரு கட்டை. ஆறு புதுக் கட்டை, இடைவெளி ஓரடியாகும்.

புதுக் கட்டை என்றாலும் புது மரம் வாங்கவில்லை. இங்கே பழைய வீடுகளை இடித்த சாமான் விற்கும் கடைகள் உண்டு. அங்கே தேடிப் பழைய தேக்கு எடுத்தோம். அறுபது வருஷம் காய்ந்த மரம் இனிமேல் சுருங்கவோ முறுக்கவோ பெரிதாக எதுவும் மிச்சமில்லை. புது மரத்தைப் போட்டால் அது காய்வதற்குள் பலகைக்கும் கட்டைக்கும் இடையே வெளிச்சம் தெரியும். வாடகைக்கு எடுத்த ஈரமானியில் 12, 13 சதவீதம் காட்டியது. ஆணிகளைப் பிடுங்குவதில் ஒரு பகல் போனது.

கட்டி முடித்த வீட்டில் இரண்டு பக்கமும் சுவருக்குள் போகும் கட்டையை எப்படி நுழைப்பது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. அறை பத்தடி. கட்டை இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் சுவருக்குள் உட்கார வேண்டும். அதாவது அறையைவிட எட்டு அங்குலம் நீளம். ஆசாரி ஒரு சுவரில் நாலு அங்குல ஆழத்துக்குப் பொந்து போட்டார். எதிர்ச் சுவரில் ஒன்பது அங்குலம். எங்கள் சுவர் பதினெட்டு அங்குலக் கனம், சுண்ணாம்புக் காரை, அதனால் உளியும் சுத்தியலுமே போதும். கட்டையை முதலில் ஆழமான பொந்துக்குள் முழுக்கச் செருகினார்கள். இந்தப் பக்க நுனி ஓர் அங்குல இடைவெளியில் சுவரைத் தாண்டி மேலேறியது. அப்புறம் அதைச் சின்னப் பொந்துக்கு நேராக வைத்து இழுத்து நுழைத்தார்கள். அவ்வளவுதான். ஊஞ்சல் பலகை மாட்டுவது போல அரை நிமிஷ வேலை. முதல் கட்டைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது, பொந்தின் மேல்விளிம்பு இடித்ததால்.

நுனிகளுக்குக் கரையான் மருந்து இரண்டு முறை. சுவருக்குள் கட்டையைச் சுற்றி அரை அங்குலம் காலி விட்டு, அடியில் மட்டும் கடப்பைக் கல் துண்டு வைத்து, எதிரெதிர் ஆப்பு அடித்துக் கட்டையைப் பலகையின் அடியில் முட்டும் வரை தூக்கினார். ஆப்பை ரொம்ப அடித்தால் மேலே பலகை திமிறும். அவர் பையனை மேலே காது வைத்துப் படுக்கச் சொல்லி, "முனகுதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். பொந்தை அடைக்கச் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்துதான் என்று அவரே சொன்னார். பழைய மென்மையான சுவருக்குச் சிமென்ட் ரொம்ப விறைப்பு, சுற்றி இருக்கும் செங்கல்லைத் தின்னும்.

அழுகிய கட்டையின் நுனியில் ஒன்றரை அடியை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஐந்தடிப் பலகை அணைத்துப் போல்ட் போட்டு முறுக்கினோம். பால்கனிக் கதவடியில் தண்ணீர் வரும் வழியையும் அன்றே அடைத்தோம். அதைச் செய்யாமல் மேலே எதைப் போட்டாலும் வீண்.

மறுபடி நாலு பேர் ஏறி நின்றோம். ஒரு நூலும் கொஞ்சமும். மாடி வீட்டுக்காரர் குதித்துப் பார்க்கவா என்றார். வேண்டாம் என்றோம்.

பலகைக்கு வருகிறேன். பழைய ஆணிகள் கடல் காற்றில் தலை போய், பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கவே இல்லை. ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு கட்டையிலும், பழையது புதியது இரண்டிலும், இரண்டரை அங்குலத் துருப்பிடிக்காத எஃகுத் திருகால் முறுக்கினோம். கடையில் ஜிப்சம் போர்டுக்கு விற்கும் கறுப்புத் திருகைத்தான் கையில் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். உப்புக் காற்றில் இரண்டு மழையில் துருப்பிடிக்கும், வளைந்தால் பட்டென்று ஒடியும். சில பலகைகள் ஓரம் தூக்கிக் கிண்ணம் போல இருந்தன. இழைப்புளி வைத்து மேட்டைச் சீவியதில் ஒரு முழுநாள். பத்தடி மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்து, கீழே இரண்டு நூலுக்கு மேல் வெளிச்சம் தெரியும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். இந்த முறை ஓரடி டைல்ஸ் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சின்ன டைல்ஸ் இரண்டு நூல் மேடுபள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும். பெரியதற்கு ஒரு நூலுக்கு மேல் கூடாது.

பலகை மேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக நகரும், கீறலும் அதே கோட்டில் மேலே வரும். அதனால் குறுக்காக 12 மி.மீ. பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகைதான் கேட்டு வாங்க வேண்டும். சாதா கமர்ஷியல் பிளை கலவையின் ஈரத்திலேயே ஏடு ஏடாகப் பிரியும். ஐந்து ஷீட் வாங்கி, நடுவே குச்சி வைத்து, ஒரு வாரம் அதே அறையில் அடுக்கி வைத்தேன். வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று. அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது: "பலகைக்கும் ஊறுகா மாதிரி பதம் வேணுமாடா?"

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பலமாக இருக்கட்டும் என்று முதல் ஷீட்டை மூன்று அங்குலத் திருகு வைத்துக் கட்டைவரை முறுக்கிவிட்டேன். முப்பது திருகு. இரவு படுத்தபோதுதான் உறைத்தது: கட்டை மழைக்கும் வெயிலுக்கும் தன் போக்கில் அசையும், பிளையையும் அதோடு கட்டிவிட்டால் அந்த அசைவு நேராக டைல்ஸுக்கு ஏறும். பிளை பலகையோடு மட்டும் பிணைய வேண்டும். காலையில் முப்பதையும் கழற்றி, ஒன்றேகால் அங்குலத் திருகு போட்டேன். பிளை 12, பலகை 25, 32 மி.மீ. திருகு பலகைக்குள்ளேயே நின்றுவிடும். ஷீட் சேரும் இடம் எதுவும் கட்டைக்கு நேர் மேலே வராதபடியும் பார்த்துக்கொண்டேன். ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி, சுவரோரம் மூன்று நூல். நாலு மூலைகள் ஓரிடத்தில் சந்திக்கவில்லை. செங்கல் வரிசை போலத் தள்ளித் தள்ளி வைத்தது.

அதன் மேல் 6 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு. இது தளத்துக்கு விறைப்புக் கொடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். துளிகூடக் கொடுக்காது. பசை நன்றாகப் பிடிக்கிற, ஈரத்துக்கு உப்பாத ஒரு முகம், அவ்வளவுதான். கீழே பல் கரண்டியால் டைல் பசை பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே போர்டை வைத்து, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் திருகு. அந்தப் பசை ஒட்டுவதற்கு அல்ல. அடியில் காற்றுப் பொந்து இல்லாமல் நிரப்புவதற்கு. போர்டை மெஷின் வைத்து அறுத்தால் வரும் வெள்ளைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கார்பைட் முனையால் இரண்டு மூன்று தடவை ஆழமாகக் கீறி, விளிம்பில் வைத்து அமுக்கினால் அப்பளம் மாதிரி ஒடிகிறது. இணைப்புகளில் கண்ணாடி இழை வலை நாடா ஒட்டிப் பசையால் மூட வேண்டும். காரத்தைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள், ஜிப்சத்துக்கு ஒட்டும் நாடா சிமென்டில் கரைந்துபோகும்.

பசை விஷயத்தில் கடைக்காரர் முதலில் நீட்டியது மலிவான சாதா வகை. அது கான்கிரீட்டுக்கு. மரத்தின் மேல் பாலிமர் சேர்ந்த, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் வகைதான். பையில் எஸ்1 என்று அச்சிட்டிருக்கும், இரண்டரை மில்லிமீட்டராவது வளையும் என்று அதற்குப் பொருள்.

டைல்ஸ் பதிக்க வந்தவர் நல்ல கைக்காரர், ஆனால் பழைய வழக்கம். முதல் நாள் இரவே டைல்ஸை அண்டாவில் ஊறப்போட்டு வைத்திருந்தார். சிமென்ட் பாலுக்கு அது சரி; இந்தப் பசைக்கு டைல்ஸ் காய்ந்து, தூசியில்லாமல் இருந்தால் போதும். எல்லாவற்றையும் எடுத்து மொட்டைமாடியில் உலர்த்தினோம். இன்னொன்று, அவர் ஒரு வாளி முழுக்கப் பசை கலக்கி, பாதி அறைக்கு ஒரேயடியாகப் பரப்பினார். மார்ச் மாத மதியம், ஃபேன் வேறு ஓடுகிறது. ஐந்தாவது டைலை வைத்ததும் எனக்குச் சந்தேகம். "அண்ணே, ஒண்ண மட்டும் எடுத்துப் பாக்கலாமா" என்றேன். முகம் சுளித்துக்கொண்டே எடுத்தார். டைலின் பின்னால் பசை நடுவில் ஒரு கைக்குட்டை அளவுதான் ஒட்டியிருந்தது. தரையில் கரண்டிப் பல் போட்ட கோடுகள் அப்படியே நின்றன, தொட்டால் விரலில் ஒட்டவில்லை. மேலே ஆடை கட்டிவிட்டது. அவரே எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டார். அப்புறம் ஃபேனை நிறுத்தி, கால் வாளி கலக்கி, மூன்று சதுர அடி பரப்பி, டைலின் முதுகிலும் மெல்லப் பூசி வைத்தார். பத்துக்கு ஒன்று எடுத்துக் காட்டுவதை அவராகவே செய்ய ஆரம்பித்தார். முதுகில் தொண்ணூறு சதவீதம் நிரம்பி வந்தபோது அவருக்கே பெருமை.

டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர். சுவரோரம் நாலு பக்கமும் இரண்டு நூல் காலி. அதில் கிரவுட் போகக் கூடாது, சிலிகான் மட்டும். இதைத்தான் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "சுவத்தோட சேத்து முட்டிட்டாத்தான் சார் ஸ்ட்ராங்கு." ஸ்கர்ட்டிங் போட்டதும் தெரியாது என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

பிளை, போர்டு, பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவுக்குள். முன்பு தொண்ணூறு இருந்தது. உயரம் மட்டும் வெறும் பலகையைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடிவிட்டது. பலகைத் தளத்துக்கென்று செய்த பர்மா தேக்குக் கதவின் அடியைச் சீவ வேண்டியிருந்தது. அதில்தான் அம்மாவுக்கு வருத்தம். டைல்ஸுக்கு ஆனதைப்போல மூன்று மடங்கு, கண்ணுக்குத் தெரியாமல் அதன் அடியில் போயிருக்கிறது. கணக்கைப் பார்த்துவிட்டு அப்பா எதுவும் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டும் முடிந்து இப்போது பார்க்கிறேன். கீறல் இல்லை, தட்டினால் ஒரே சத்தம். மேற்குச் சுவரோரம் மட்டும் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் சிலிகான் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. தளம் அந்தப் பக்கம் அகன்றிருக்கிறது போல. கதவு ஈரத்தில் உப்பித் தரையில் உரசுகிறது. இன்னும் அரை நூல் சீவ வேண்டும். பொங்கல் கழித்து வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.